நீர் தெளியும் இடம்

(அல்சூர் வார சத்சங்கத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

மழை நாளில் யாத்திரை புறப்படுகிறவர்களிடம் வீட்டார் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இன்னொரு நாள் போகக் கூடாதா?" கடந்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அல்சூரிலிருந்து நந்தி மலைக்குப் புறப்பட்ட நம் அன்பர்கள் பதினொருவரும் இக்கேள்வியைக் கேட்டுவிட்டே வந்திருந்தனர். நானும் அதையேதான் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். முதல் நாள் மாலையிலிருந்தே மழை விடவில்லை. ஆனால் வண்டிக்குச் சொல்லியாயிற்று, புளியோதரையும் கட்டியாயிற்று. புளியோதரை கட்டிய பிறகு பயணத்தை நிறுத்தும் துணிவு நம்மவர்களுக்கு ஏது?

ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் இருபதாம் அத்தியாயம் முழுவதும் மழைக்காலத்தையும், அதனை அடுத்து வரும் சரத் காலத்தையும் பற்றியது. பிருந்தாவனத்துக் காட்சி ஒவ்வொன்றுக்கும் அங்கே ஓர் உள்முகமான உவமை உண்டு. சரத் காலம் வந்ததும் கலங்கிக் கிடந்த நீர்நிலைகள் தெளிகின்றன. வழுவிய மனம் மீண்டும் யோகத்தில் நின்று தெளிவதைப் போல என்கிறார் சுகர். படிக்க இனிமையாக இருக்கிறது. ஆனால் நம் தென்னாட்டில் ஐப்பசி என்றால் அடைமழை. வடக்கே மேகம் விலகும் அதே நாட்களில் வடகிழக்குப் பருவக்காற்று இங்கே மேகத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. பெங்களூருக்கோ இரு பருவமழையும் உண்டு. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் இங்கே மழை மிகுதி. ஆகவே சரத் காலத்துத் தெளிவைப் பற்றிப் படித்துவிட்டுச் சன்னலைத் திறந்தால், தெருவில் செந்நீர் ஓடுகிறது. தெளிவைப் பற்றிக் கலங்கலின் நடுவில் இருந்துகொண்டுதான் நாம் படிக்க வேண்டியிருக்கிறது.

அன்றைய பயணம் எனக்குக் கற்பித்த பாடமும் இதைப் பற்றியதுதான். கற்பித்தவர், வண்டியின் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்த ஒரு பெரியவர். தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நடந்ததைச் சொல்ல அனுமதி தந்தார்.

குடிப்பது காவிரி, கழிப்பது பெண்ணை

இவ்வுரையைப் பத்திரிகையில் படிக்கப்போகும் வெளியூர் அன்பர்களுக்காக அல்சூரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கன்னடத்தில் இவ்வூருக்கு ஹலசூரு என்று பெயர். ஹலசு என்றால் பலா. பலாமரங்கள் நிறைந்திருந்த ஊர் என்பார்கள். நகரின் பழமையான கோயில்களுள் ஒன்றான சோமேசுவரர் கோயில் இங்கே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அருகில் படைக் குடியிருப்பு அமைத்த பிறகு, வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் நம்மவர்கள் ஏராளமாக வந்து குடியேறினார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியும் தெப்பமும் காணும் ஊர் இது. கெம்பேகவுடர் வழியினர் காலத்தது என்று சொல்லப்படும் அல்சூர் ஏரி, நூற்றிருபது ஏக்கருக்குச் சற்று அதிகமான பரப்புடன் ஊரின் நடுவே கிடக்கிறது. ஏரிக்கரையில் குருத்வாரா, அந்தப் பக்கம் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் வளாகம். எல்லா மொழியும் இந்த ஏரிக்கரையில் காலை நடை நடக்கின்றன.

பெங்களூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் அமர்ந்த நகரம். பக்கத்தில் பேராறு எதுவும் இல்லை. ஆகவே முன்னோர் மழைநீரை ஏரிகளில் தேக்கினார்கள். ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு நீர் செல்லக் கால்வாய் வெட்டினார்கள். அதற்கு ராஜகாலுவே என்று பெயர். அல்சூர் ஏரியின் மிகைநீர் பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது; அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கு; அங்கிருந்து தென்பெண்ணைக்கு. கன்னட நாட்டில் அந்த ஆற்றுக்கு தட்சிண பினாகினி என்று பெயர். அது ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் தேங்கி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து, திருக்கோவிலூர் வழியாகக் கடலூரில் கடலை அடைகிறது.

நம் வீட்டுக் குழாயில் வருவது எது? காவிரி. 1974 முதல் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு இறைத்து ஏற்றப்பட்டு அந்நீர் இந்நகருக்கு வருகிறது. ஆக, அல்சூரில் வாழும் நாம் குடிப்பது காவிரியை. குளித்து, கழுவி, கழித்துவிடுவது பெண்ணையின் வழியில். எந்த ஆற்றுக்காக இரு மாநிலங்கள் நீதிமன்றத்தில் நிற்கின்றனவோ அந்த ஆறும், இன்னோர் ஆறும் நம் வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் அமைதியாகச் சந்தித்துக்கொள்கின்றன! இதை நான் வேடிக்கையாகத்தான் வண்டியில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

வேடிக்கை மட்டும் அன்று அது. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை நம்மில் பலர் நேரில் பார்த்தோம். அதற்கு முந்தைய ஆண்டு பெல்லந்தூர் ஏரியிலிருந்து பொங்கிய நுரை தீப்பற்றி எரிந்தது. நீர் எரிந்தது என்று நம் புராணங்களில் படித்திருந்தால் கற்பனை என்று சொல்லியிருப்போம்.

அடிவாரத்தில்

ஹெப்பாள் ஏரி மழையில் சாம்பல் நிறமாய்க் கிடந்தது. எலகங்கா, தேவனஹள்ளி. விமான நிலையத்தைத் தாண்டி இடப்புறம் திரும்பியதும் நாட்டுப்புறம் தொடங்கிவிடுகிறது. திராட்சைப் பந்தல்கள், ரோஜாத் தோட்டங்கள், கதிர் வாங்கிய கேழ்வரகு மழையின் கனத்தில் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து கிடந்த வயல்கள். வழியெங்கும் ஏரிகள், சில நிறைந்தவை, சில பாதி, சில பெயருக்கு மட்டும் ஏரி. வண்டியோட்டி வந்த இளைஞர் இந்தப் பக்கத்துக் கன்னடப் பிள்ளை. பெரியவரை "அஜ்ஜா" என்றே அழைத்தார். அஜ்ஜா என்றால் தாத்தா.

மலையேறும் முன் நந்தி கிராமத்துப் போக நந்தீசுவரர் கோயிலில் இறங்கினோம். அன்பர்களே, நீங்கள் பெங்களூர் வந்தால் மலை உச்சியைப் பார்க்காவிட்டாலும் இந்தக் கோயிலைப் பார்க்காமல் போகாதீர்கள். 9ஆம் நூற்றாண்டிலேயே கல்வெட்டுச் சான்று உடைய கோயில். நுளம்பர், கங்கர், சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார் என்று இந்நாட்டை ஆண்ட ஒவ்வொருவரும் இங்கே எதையாவது சேர்த்திருக்கிறார்கள். எவரும் எதையும் இடித்துவிட்டுத் தம்முடையதைக் கட்டியதாகத் தெரியவில்லை; பக்கத்தில் கட்டினார்கள்.

அருகருகே இரண்டு பெரிய சந்நிதிகள்: அருணாசலேசுவரர், போக நந்தீசுவரர். நடுவே உமா மகேசுவரர். மலை உச்சியில் யோக நந்தீசுவரர். இவர்களை இறைவனின் மூன்று பருவங்கள் என்கிறது தல மரபு. அருணாசலேசுவரர் பாலப் பருவம். போக நந்தீசுவரர் இளமைப் பருவம். மலைமேல் இருப்பவர் துறவு நிலை. ஆகையால் விழா, உற்சவம், கல்யாணம் எல்லாம் கீழேதான். மேலே ஆரவாரம் இல்லை. துறவுக்கு உச்சியில் இடம் கொடுத்த மரபு, கல்யாண மண்டபத்தை அடிவாரத்தில் எத்தனை அழகாகக் கட்டி வைத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அந்தத் தூண்களில் செதுக்கிய கொடிகளையும் கிளிகளையும் பார்த்தால், இல்லறத்தைத் துறவின் எதிரியாக நினைத்தவர்கள் செய்த வேலை அன்று என்பது புரியும்.

உள்ளே ஒரு பெரிய திருக்குளம். நான்கு பக்கமும் படிகள். சிருங்கி தீர்த்தம் என்று பெயர். நந்தி தன் கொம்பால் நிலத்தைக் குத்திக் கங்கையை வரவழைத்தார் என்பது ஐதிகம். தென்பெண்ணை இங்கே பிறக்கிறது என்று ஊரார் நம்புகிறார்கள். மழைத்துளி விழுந்து குளம் முழுவதும் சிறு சிறு வட்டங்கள். நாங்கள் மண்டபத்தின் ஓரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது திருவண்ணாமலையைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் ஒரு செய்தி சொன்னார். தை மாதம் ஐந்தாம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக மணலூர்பேட்டைக்கு எழுந்தருளுவார். அங்கே அவர் நீராடுவது இந்தத் தென்பெண்ணையில்தான்!

நான் இதை எண்ணிப் பார்த்ததே இல்லை. பிறக்குமிடத்தில் அருணாசலேசுவரர் சந்நிதி. வழியில் அருணாசலேசுவரரே வந்து நீராடுகிறார். நடுவே ஒரு மாநில எல்லையும், மூன்று அணைகளும், அல்சூரின் கழிவும் இருக்கின்றன. அண்ணாமலையார் அத்தனையையும் ஏற்றுக்கொண்டுதான் அந்த ஆற்றில் இறங்குகிறார். அந்த அம்மையார் கைகூப்பினார். "அப்படியானால் நாம் ஏரியில் போடுவது எல்லாம்..." என்று தொடங்கியவர், மேலே சொல்லவில்லை.

உச்சியில் ஒன்றும் தெரியவில்லை

நந்தி மலை 1478 மீட்டர் உயரம். பழைய படிக்கட்டு வழி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை உடையது. மழையில் வழுக்கும் என்பதால் வண்டியிலேயே ஏறினோம். 2021 ஆகஸ்டில் பெய்த மழையில் இந்த மலைச்சாலையே சரிந்து அறுந்து போயிற்று. கோட்டை மதில், திப்பு சுல்தானின் கோடைக்கால மாளிகை, 1791 அக்டோபரில் ஆங்கிலேயப் படை இக்கோட்டையைப் பிடித்தது, காந்தியடிகள் 1927இலும் 1936இலும் உடல் தேறுவதற்காக இங்கே வந்து தங்கியது ஆகியவற்றைப் பற்றி வழிகாட்டிப் பலகைகளிலும் நூல்களிலும் நிறையவே உண்டு.

நான் இளைஞர்களுக்கு ஒரு பாடம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். உச்சியில் நின்று நாற்புறமும் காட்டி, "இதோ, இந்த மலைத்தொடரில்தான் பாலாறு புறப்படுகிறது, ஏறக்குறைய 350 கிலோமீட்டர் ஓடிக் கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூரில் கடலில் சேர்கிறது. அதோ, தென்பெண்ணை. அந்தப் பக்கம் வட பெண்ணை. அது நெல்லூருக்குப் போகிறது. இந்தப் பக்கம் அர்க்காவதி, அது கனகபுராவுக்குத் தெற்கே காவிரியில் கலக்கிறது" என்று சொல்வது என் எண்ணம். அதன் பிறகு முண்டக உபநிஷதத்துக்கு வர வேண்டும். நதிகள் கடலில் கலந்து பெயரையும் உருவத்தையும் துறப்பதை அந்த உபநிஷதம் கூறுகிறது. அது ஆற்றின் முடிவு. நாம் நிற்பதோ ஆற்றின் தொடக்கம். இங்கே விழும் துளிக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை. பாறையின் இந்தப் பக்கம் வழிந்தால் அது பாலாறு; ஒரு முழம் தள்ளி விழுந்தால் காவிரி. பெயர் என்பது கீழே இறங்கும் வழியில் ஒட்டிக்கொள்வது. கலங்கலும் அப்படியே. மேலிருந்து வரும்போது நீர் தூயது. அழுக்கு வழியில் சேர்வது. ஜீவனும் அவ்வாறே.

நல்ல பாடம்தான். ஆனால் உச்சியில் மூடுபனி. கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. "இதோ", "அதோ" என்று நான் கை நீட்டிய திசை எல்லாம் ஒரே வெள்ளை. இளைஞர்கள் மரியாதைக்காகத் தலையசைத்தார்கள். பொருளே தெரியாத இடத்தில் சுட்டிக்காட்டிப் பேசுவது எங்களைப் போன்றவர்களுக்குப் பழக்கம்தான்; இருந்தாலும் அன்று சற்றுக் கூச்சமாக இருந்தது.

யோக நந்தீசுவரரைத் தரிசித்துவிட்டு, கூரை உள்ள இடமாகப் பார்த்து உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். எங்கள் காலடியில் படியோரமாக மழைநீர் ஓடிக்கொண்டிருந்தது. செக்கச் செவேல் என்ற நீர். பெரியவர் அதைக் காட்டிச் சொன்னார்:

"சுவாமிஜி, தவறாக நினைக்கக் கூடாது. மேலிருந்து வரும்போது தூயது, வழியில்தான் அழுக்கு என்றீர்கள். மலையுச்சியிலேயே சிவப்பாகத்தானே ஓடுகிறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உவமை உடைந்துவிட்டது. மண்ணைத் தொட்ட கணமே நீர் கலங்கிவிடுகிறது. அதற்கு அல்சூர் வரை போக வேண்டியதில்லை. ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டவன் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். உடனே இன்னோர் உவமையைக் கையில் எடுத்தேன்: தேற்றாங்கொட்டை.

இக்காலத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. ஏரியிலும் ஆற்றிலும் முகந்து வந்த செந்நீரைத் தெளியவைக்க, பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பார்கள். உரைத்த விழுது நீரில் கலந்து, மண்ணைப் பற்றிக்கொண்டு அடியில் படியும்; தானும் மண்ணோடு அடங்கிவிடும். மேலே தெளிந்த நீர் நிற்கும். ஆதிசங்கரரின் ஆத்ம போதத்தில் ஞானத்துக்கு இந்தக் கொட்டையே உவமையாக வருகிறது. அஞ்ஞானத்தால் கலங்கிய ஜீவனைத் தெளியவைத்துவிட்டு, அந்த ஞானமும் தேற்றாம்பொடியைப் போல அடங்கிவிடுகிறது. நான் இதை விளக்கி முடித்தபோது மழை சற்றுக் குறைந்திருந்தது. என் குரல் தேவைக்கு மேல் உரக்க ஒலித்தது.

பெரியவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் அருகில் அமர்ந்தார். மற்றவர்கள் மதில் ஓரம் நடக்கப் போயிருந்தார்கள்.

ஒரு மூடிய கதவு

1991 டிசம்பர் அல்சூர்வாசிகளுக்கு மறக்கக்கூடியது அன்று. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதை அடுத்து இந்நகரில் கலவரம் மூண்டது. தமிழர் பலர் வீடும் கடையும் இழந்தனர், உயிரும் போயிற்று. பெரியவருக்கு அப்போது நாற்பது வயது. நகரின் வேறொரு பகுதியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பன்னிரண்டு சைக்கிள்கள். அடுத்த தெருவில் ஒரு தையற்காரர், கன்னடர். அவருடைய உற்ற நண்பர். இருவரும் பிரதோஷம் தவறாமல் சேர்ந்து கோயிலுக்குப் போவார்கள். இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகவே வளர்ந்தார்கள்.

அந்த இரவில் கடை எரிந்தது. மனைவியையும் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இவர் நண்பர் வீட்டுக்கு ஓடினார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டினார். விளக்கு அணைந்தது. கதவு திறக்கவில்லை.

சந்து சந்தாக நடந்து விடியும் முன் அல்சூரில் உறவினர் வீட்டை அடைந்தார்கள். அதன் பிறகு அந்தப் பகுதிக்கு அவர் திரும்பவே இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த நண்பர் விசாரித்துக்கொண்டு அல்சூருக்கு வந்தார். இவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. வந்தவர் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார். பின்னர் தையல் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார் என்று தெரிந்தது.

"சுவாமிஜி, அவன் பயந்துதான் விளக்கை அணைத்தான் என்று எனக்கு அன்றே தெரியும். வீட்டில் வயதுக்கு வந்த பெண் இருந்தாள். தெருமுனையில் கும்பல் நின்றது. அவன் இடத்தில் நான் இருந்தால் நானும் திறந்திருக்க மாட்டேனோ என்னவோ. இத்தனையும் தெரியும். தெரிந்தும், முப்பது வருஷமாகப் போகவில்லை. கடையை எரித்தவர்கள் முகம்கூட எனக்கு நினைவில்லை. அவர்கள் மேல் இப்போது கோபமும் இல்லை. அந்த அணைந்த விளக்கு மட்டும் போகவில்லை. நீங்கள் கொட்டையைப் பற்றிச் சொன்னீர்கள். எனக்குக் கொட்டையின் பெயர் தெரியும். எங்கே உரைப்பது என்று தெரியவில்லை."

அன்பர்களே, கதக மரத்தின் பெயரைச் சொன்னதனால் மட்டும் நீர் தெளிந்துவிடாது என்று மனு தர்ம சாஸ்திரத்திலேயே ஒரு வாக்கியம் இருக்கிறது. கதகம் என்றால் இந்தத் தேற்றா மரம்தான். நான் படித்திருக்கிறேன், பலமுறை மேற்கோள் காட்டியும் இருக்கிறேன். அவர் படித்ததில்லை. ஆனால் அதையே என்னிடம் சொன்னார்.

நாம் பெரும்பாலும் இங்கேதான் வழுக்கி விழுகிறோம். தெரிவது வேறு, தெளிவது வேறு. பிறர் செய்த தீங்கின் காரணத்தைப் புரிந்துகொண்டுவிட்டால் மன்னித்துவிட்டதாக எண்ணுகிறோம். புரிந்துகொண்ட அறிவு மேல்மட்டத்தில் நிற்கிறது. மண் அடியில் கிடக்கிறது. யாரேனும் குடத்தை அசைத்தால் எல்லாம் மீண்டும் செந்நீர். எங்கோ கலங்கியதை வேறெங்கோ உட்கார்ந்து தெளியவைக்கப் பார்க்கிறோம். நண்பனோடு நேர்ந்த பிணக்கை நாம ஜபத்தால் தீர்க்கப் பார்க்கிறோம். உடன்பிறந்தானுக்குக் கொடுக்க வேண்டிய பங்கைக் கோயில் உண்டியலில் போடுகிறோம். நாம ஜபமும் உண்டியலும் தம்மளவில் உயர்ந்தவையே. ஆனால் கொட்டையை உரைக்க வேண்டியது கலங்கிய பானையில். பக்கத்தில் இருக்கும் தெளிந்த பானையில் உரைத்துப் பயன் இல்லை.

இவற்றை எல்லாம் இப்போது உங்களிடம் சொல்கிறேன். அன்று அவரிடம் சொல்லவில்லை. எப்படியோ அன்று வாயை மூடிக்கொள்ளும் புத்தியை இறைவன் கொடுத்தான். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவர் ஊர் எது?"

பெரியவர் மூடுபனியைப் பார்த்துக் கை நீட்டினார். "இதோ, இந்த மலைக்குக் கீழேதான். பத்து நாள் முன்னால் அவன் மகன் தொலைபேசியில் பேசினான். படுத்த படுக்கையாக இருக்கிறானாம். அதனால்தான் நந்திக்குப் போகிறீர்கள் என்றதும் நானும் வருகிறேன் என்றேன். இறங்கும் வழியில் நிறுத்தச் சொல்லலாமா, வேண்டாமா என்று காலையிலிருந்து..." என்று நிறுத்தினார்.

ஏரிக்கரையில்

நிறுத்தச் சொன்னது நான் அல்லன், அவரே சொன்னார். திரும்பும் வழியில் ஓர் ஏரிக்கரையை ஒட்டிய சிற்றூர். வண்டி நின்றதும் எழுந்தவர், மீண்டும் உட்கார்ந்தார். வண்டியோட்டிய இளைஞர் ஒன்றும் கேட்காமல் குடையை விரித்துக்கொண்டு வந்து கதவருகே நின்றார். "வாருங்கள் அஜ்ஜா, நான் வீடு வரை வருகிறேன்" என்றார். இருவரும் ஒரே குடையில் சேற்றில் கால் புதையப் போனார்கள். நாங்கள் வண்டியிலேயே இருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் இளைஞர் மட்டும் திரும்பி வந்தார். உள்ளே என்ன என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஏரியைக் காட்டிப் பேச ஆரம்பித்தார். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது இந்தப் பக்கத்து ஏரிகள் வறண்டே கிடக்குமாம். அதில்தான் கிரிக்கெட் ஆடுவார்களாம். கிணறுகள் வற்றி ஆழ்துளைக் கிணறுகளும் வற்றிய ஊர்கள் இவை. அண்மை ஆண்டுகளில் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து, ஹெப்பாள், நாகவாரா பள்ளத்தாக்குகளிலிருந்து குழாய் வழியாக இப்பகுதி ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். நிலத்தடி நீர் ஏறியிருக்கிறது. "இன்னும் ஒரு படி சுத்தம் செய்துதான் அனுப்ப வேண்டும் என்று எங்கள் ஊர்க்காரர்கள் சண்டை போடுகிறார்கள், சுவாமிஜி. அது நியாயம்தான். ஆனாலும் தண்ணீர் என்று ஒன்று வந்ததே!" என்றார்.

மலையிலிருந்து நகரத்துக்கும், நகரத்திலிருந்து மலையடிவாரத்துக்கும் நீர் இப்படி நடந்துகொண்டிருக்கிறது. அந்த ஏரியின் நீர் தெளிவாக இல்லை. மழையில் எந்த ஏரிதான் தெளிவாக இருக்கும்? கோடையில் நீர் வற்றியதும் இந்த வண்டலை அள்ளி வயலில் போடுவார்கள் என்றார் திருவண்ணாமலை அம்மையார். அவர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். "வண்டல் போட்ட கொல்லையில் விளைச்சலே வேறு" என்றார். படியோரம் ஓடிய சிவப்பு நீரை அழுக்கு என்று சொன்ன என் பாடத்துக்கு அன்று விழுந்த இரண்டாவது அடி அது.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. இருட்டத் தொடங்கியபோது பெரியவர் வந்தார். தலையில் ஒரு துண்டு; அவருடைய துண்டு அன்று. கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பெரிய பம்பளிமாஸ் பழம். தேவனஹள்ளிப் பக்கத்துப் பம்பளிமாஸ் பெயர் பெற்றது, சக்கோத்தா என்பார்கள். வீட்டுப் பின்புறத்து மரத்தில் பறித்ததாம்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. வண்டி புறப்பட்டுப் பெருஞ்சாலையை அடைந்த பிறகு அவராகவே என் பக்கம் சாய்ந்து, மெதுவாகச் சொன்னார்: "கதவு திறந்தே இருந்தது, சுவாமிஜி. மழைச்சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. மகன் சாத்தப் போனானாம். அவன்தான் விடவில்லையாம், காலையிலிருந்து."

பிறகு பழத்தை மடியில் வைத்துக்கொண்டு தோலை உரிக்கத் தொடங்கினார். கெட்டியான தோல், நகம் இறங்கவில்லை. வண்டியோட்டிய இளைஞர் சிக்னலில் நின்றபோது ஒரு சிறு கத்தியை எடுத்துப் பின்னால் நீட்டினார். தோலை நீக்கி, கசக்கும் வெள்ளைச் சதையைப் பொறுமையாக எடுத்துவிட்டு, சுளை சுளையாகப் பிரித்து ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். முதற்சுளை முன்னால் இருந்த அந்தப் பிள்ளைக்குப் போயிற்று. ஹெப்பாள் மேம்பாலத்தில் ஏறும்போது மழை மீண்டும் வலுத்தது.